உழைப்பது நம் பொறி, ஊதியம் எவனுக்கு?

படிப்பகத்தைப் பூட்டிவிட்டுப் புறப்பட்ட நாம், மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தோம். விளக்கு அணைந்திருந்தது. ஏடு படிக்க வந்த தோழர்கள் எல்லோரும் வீடு சேர்ந்திருப்பர். ஆள் அரவமற்ற அந்த அறையில் மேசைமீதிருந்த கணிப்பொறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தோம், சுட்டது. தட்டெழுதுவார் இல்லை. படம் பார்ப்பார் இல்லை. துண்டறிக்கை தயாரிப்பார் இல்லை. பின் எதற்காக இந்த இரைச்சல்? எவனுக்காக இந்த உழைப்பு?

"பழைய பொறி, தோழரே! உள்ளே தூசு அடைந்திருக்கும்" என்றார் ஒருவர். "கோடைக்காலம், அப்படித்தான் சுடும்" என்றார் இன்னொருவர். நம்பினோம். இரண்டு மாதம் நம்பினோம். மின்கட்டணக் கணக்கு வந்தது, நம்பிக்கை போயிற்று.

அதே நாட்களில் ஒரு நிகழ்ச்சி. கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப, கடைசி நாள் இரவு அந்தப் பொறியின் முன் வந்தமர்ந்தான். பக்கம் திறக்கவில்லை. திறந்தால் படம் ஏறவில்லை. ஏறினால் பொறி உறைந்து நின்றது. மணி பன்னிரண்டு அடிக்கும்வரை போராடினான், தோற்றான். "பரவாயில்லை அண்ணே, அடுத்த வருஷம் போட்டுக்கிறேன்" என்று கூறிவிட்டுத் தலை கவிழ்ந்து நடந்தான். ஓராண்டு! ஏழை இளைஞன் ஒருவனின் ஓராண்டு! அதைத் திருடியவன் எவன் என்பதை அன்று நாம் அறியோம். இன்று அறிவோம். அறிந்ததனால் எழுதுகிறோம்.

பொருளைத் திருடினால் இடம் வெறுமையாகும், காட்டிக் கொடுத்துவிடும். பணத்தைத் திருடினால் பை இளைக்கும், சொல்லிவிடும். உழைப்பைத் திருடினால்? இருந்தது இருந்தபடி இருக்கும். பெட்டி பெட்டியாகவே இருக்கும். போனது என்னவென்றே தெரியாது! பாட்டாளிக்கு இது புதிய பாடமா? பண்ணையிலும் ஆலையிலும் தோட்டத்திலும் தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடமன்றோ? அந்தப் பழைய திருட்டுத்தான் இன்று கணிப்பொறிக்குள் புகுந்திருக்கிறது. கிரிப்டோ நாணயம் தோண்டும் கள்ள மென்பொருள் என்பது அதன் பெயர்.

தோண்டுதல் என்கிறார்களே, எது சுரங்கம்? தங்கச் சுரங்கமா? நிலக்கரிச் சுரங்கமா? இல்லை, கணக்குச் சுரங்கம்! 2009 ஆம் ஆண்டு பிட்காயின் என்ற மின் நாணயம் புழக்கத்துக்கு வந்தது. அச்சகம் இல்லை, ரிசர்வ் வங்கி இல்லை. வரவு செலவுப் பேரேட்டின் ஒவ்வொரு புதிய பக்கத்தையும் சேர்ப்பதற்கு உலகெங்குமுள்ள பொறிகள் போட்டியிடுகின்றன. பொருந்தும் எண் ஒன்றை ஊகித்துப் பிடிக்க வேண்டும். இது அறிவால் அவிழ்க்கும் புதிர் அன்று. கோடானுகோடி முறை தவறி, ஒருமுறை பொருந்தும் குலுக்கல். முதலில் பிடித்தவனுக்குப் புதிய நாணயம் பரிசு. ஆக, பொறி எவ்வளவு அதிகமோ, மின்சாரம் எவ்வளவு அதிகமோ, வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

தன் பொறி, தன் மின்சாரம், தன் செலவு என்று ஒருவன் தோண்டினால் அது அவன் பாடு. ஆனால் பேராசைக்காரன் யோசித்தான்: "பொறி ஊரானுடையதாக இருக்கட்டும், மின்கட்டணமும் ஊரான் கட்டட்டும், நாணயம் மட்டும் என் பையில் விழட்டும்!"

பிட்காயின் தோண்ட இன்று தனி இயந்திரங்கள் உண்டு. வீட்டுக் கணிப்பொறி அதற்கு ஈடுகொடுக்காது. எனவே கள்ளன் நாடுவது மொனேரோ என்ற நாணயத்தை. 2014 இல் தோன்றியது அது. 2019 இறுதியில் அதன் கணக்கு முறை, சாதாரணப் பொறியின் மூளையே தோண்டுவதற்கு ஏற்றபடி மாற்றி அமைக்கப்பட்டது. எளியவனும் பங்குபெறட்டும் என்பது நோக்கம். எளியவனின் பொறியை வலியவன் பறிக்கவும் அதுவே வழியாயிற்று! கொடுத்தவன் யார், பெற்றவன் யார், தொகை எவ்வளவு என்பதையெல்லாம் மறைக்கும் நாணயம் அது. திருடனுக்கு இதைவிட இருட்டு வேறென்ன வேண்டும்?

இந்தத் திருட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்றொரு நிறுவனம் கிளம்பியது. இணையதளத்தில் சில வரி நிரலைச் சேர்த்துவிட்டால் போதும். அந்தப் பக்கத்தைத் திறப்பவனின் பொறி, திறந்திருக்கும் நேரமெல்லாம் மொனேரோ தோண்டும். வருவதில் 70 விழுக்காடு தளத்துக்காரனுக்கு. 30 விழுக்காடு நிறுவனத்துக்கு. உழைத்த பொறியின் சொந்தக்காரனுக்கு? சுழி! இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி, ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கங்காணிக்கும் இந்தக் கங்காணிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அன்று உழைத்தவனுக்குத் தான் உழைப்பதாவது தெரியும்!

2018 பிப்ரவரியில், பார்வைக் குறையுள்ளோர்க்கும் படிக்க இயலாதோர்க்கும் பக்கங்களைப் படித்துக் காட்டும் பிரௌசலவுட் என்ற உதவி நிரலுக்குள் கள்ளர்கள் இந்தச் சரக்கைத் திணித்தனர். அதைப் பயன்படுத்திய 4,000 க்கும் மேற்பட்ட தளங்கள் சில மணி நேரம் கள்ளச் சுரங்கங்களாயின. மக்களின் தகவலைக் காக்கவென்றே பிரிட்டனில் அமைந்த தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளமும் அவற்றில் ஒன்று! அதே ஆண்டு செப்டம்பரில், நம் பக்கத்து ஆந்திரத்தில் நகராட்சி நிர்வாகத்தின் தளங்களிலும் திருப்பதி மாநகராட்சியின் தளத்திலும் இதே சரக்கு இருந்ததை ஏடுகள் வெளியிட்டன. வரி கட்ட வந்தவனிடம், கேளாமலே இன்னொரு வரி!

2019 மார்ச் 8 ஆம் நாள் காயின்ஹைவ் கடையை மூடியது. திருட்டு மூடப்பட்டதா? இல்லை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவன் பொறிக்குள்ளேயே குடியேறினான். எக்ஸ்எம்ரிக் என்றொரு தோண்டும் மென்பொருள் உண்டு. எவரும் பார்க்கக்கூடிய, முறையாக வெளியிடப்பட்ட மென்பொருள். கள்ளர்கள் அதையே எடுத்து, பெயரை மாற்றி, ஒளித்து வைக்கிறார்கள். கதிரறுக்கச் செய்த அரிவாளைக் கழுத்தறுக்கப் பயன்படுத்தினால் குற்றம் அரிவாளுடையதா?

எப்படி நுழைகிறான்? 2017 மே மாதம் வானாக்ரை என்ற கேடு உலகத்தை உலுக்கியது நினைவிருக்கும். விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டை வழியாகப் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, பணயம் கேட்டது. அது வெடிப்பதற்கு முன்பே, ஓசைப்படாமல், அதே ஓட்டை வழியாக அடில்குஸ் என்ற தோண்டும் மென்பொருள் புகுந்திருந்தது. புகுந்தது மட்டுமா? அடுத்த கள்ளன் வராதிருக்க, வந்த வழியை அடைத்தும் வைத்தது! கன்னம் வைத்து நுழைந்தவன், "இனி இந்த வீடு எனக்கு மட்டும்" என்று சுவரைப் பூசிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அந்த ஓட்டைக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. மருந்து இருந்தது, உண்டவர் குறைவு.

அதே ஓட்டையைப் பயன்படுத்தி வளர்ந்தது ஸ்மோமின்ரு என்ற கூட்டம். 2018 ஜனவரியில் புரூஃப்பாயின்ட் நிறுவனத்தார் கண்ட கணக்கு: 5,26,000 க்கும் மேற்பட்ட விண்டோஸ் பொறிகள் அடிமைப்பட்டிருந்தன. மிகுதியாக இருந்த நாடுகள் ரஷ்யா, இந்தியா, தைவான். ஆம், தோழர்களே, இந்தியா! தோண்டி எடுத்தது சுமார் 8,900 மொனேரோ. அன்றைய விலையில் 36 இலட்சம் டாலர் வரை. வகுத்துப் பாருங்கள்: பொறி ஒன்றுக்கு 7 டாலர்கூட இல்லை. பொறிக்குச் சொந்தக்காரன் இழந்ததோ மின்சாரம், நேரம், பொறியின் ஆயுள்! வயலுக்குள் யானை புகுந்தால் தின்பது சில கவளம். மிதித்து அழிப்பது முழு வயல்.

மின்சாரக் கணக்கையும் நாமே போட்டுப் பார்ப்போம். தோண்டுவதால் ஒரு பொறி கூடுதலாக 60 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 1.44 யூனிட். இரண்டு மாதத்தில் 86 யூனிட். நம் தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 இல் ஆணை வந்ததே, அந்த ஏழையின் பங்கில் பெரும்பகுதியை முகம் தெரியாத ஒருவன் விழுங்கிவிட முடியும் என்பதல்லவா இதன் பொருள்?

சரி, நம் படிப்பகத்துக்குள் கள்ளன் எப்படி வந்தான்? ஓட்டை வழியாகவா? இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: வாசல் வழியாக வந்தான், திறந்துவிட்டவர் நாம்! சுவரொட்டி வடிவமைக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. விலை எட்டவில்லை. "கிராக் செய்தது சும்மா கிடைக்கிறது" என்றார் ஒரு தோழர். இறக்கினோம். "நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடு" என்று அதிலேயே எழுதியிருந்தது. நிறுத்தினோம்! காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கள்ளனுக்குக் கதவு திறந்தோம்!

நம் கதை தனிக்கதை அன்று. 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் வெளிப்படுத்திய கிராக்கனோஷ் என்பதும் இப்படித்தான் பரவிற்று. விலை கொடுக்காமல் இறக்கிய விளையாட்டுகளுக்குள் ஒளிந்து 2,22,000 க்கும் மேற்பட்ட பொறிகளில் புகுந்தது, ஆன்டிவைரஸை அழித்தது, விண்டோஸ் புதுப்பிப்பை நிறுத்தியது, 20 இலட்சம் டாலருக்கு மேல் தோண்டியது. இலவசம் என்று எண்ணியவர் ஒவ்வொருவரும் தவணை முறையில் விலை கொடுத்தனர்.

இனி, கண்டுபிடிப்பது எப்படி?

நாம் எதுவும் செய்யாதபோது விசிறி இரைகிறதா, பெட்டி சுடுகிறதா, பக்கம் திறக்கத் திணறுகிறதா? ஐயம் கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யூ. என்ற தலைப்பைத் தட்டினால், அதிகம் உழைப்பது எது என்று வரிசையாகக் காட்டும். எந்த வேலையும் நடக்காத நேரத்தில் ஒரே நிரல் எழுபது, எண்பது விழுக்காடு உழைப்பை நெடுநேரம் உறிஞ்சுமானால் அங்கே விசாரணை தேவை.

கள்ளனுக்கும் இது தெரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் தோண்டுவதை நிறுத்தி, மூடியவுடன் தொடங்கும் கள்ளச் சரக்குகள் உண்டு. திறந்த மறுகணம் விசிறி அடங்கி, மூடியபின் மீண்டும் இரைந்தால் அந்த அடக்கமே சாட்சி! விசைப்பலகையை நாம் தொடாத நேரத்தில் மட்டும் தோண்டுவனவும் உண்டு. இணைய உலாவியின் ஒரு பக்கத்தை மூடியதும் இரைச்சல் நின்றால், திருடன் அந்தப் பக்கத்தில் இருந்தான் என்று கொள்ளலாம்.

விசாரியாமல் தண்டனை கூடாது. விண்டோஸ் புதுப்பிக்கும்போதும், ஆன்டிவைரஸ் சோதனை போடும்போதும், கோப்புகளைப் பட்டியலிடும்போதும் பொறி கடுமையாக உழைக்கும். சிறிது நேரத்தில் அடங்கும். தூசு அடைந்தாலும் சுடும். ஆகவே ஐயத்துக்குரிய பெயர்மீது வலப்பொத்தானைத் தட்டி, ஓப்பன் ஃபைல் லொகேஷன் என்பதைத் தேர்ந்து, அதன் வீடு எங்கே என்று பாருங்கள். எஸ்விசி ஹோஸ்ட் என்பது விண்டோஸின் உண்மையான ஊழியன். அவன் வீடு விண்டோஸ் அடைவுக்குள்ளிருக்கும் சிஸ்டம் 32. அதே பெயரோடு ஒருவன் டெம்ப் அடைவிலோ ஆப்டேட்டா அடைவிலோ குடியிருந்தால், அவன் அரசு உடுப்பு மாட்டிய திருடனாகவே இருக்கக்கூடும்.

கண்டபின் விரட்டுவது எப்படி? "எண்ட் டாஸ்க்" என்று தட்டினால் நிற்கும். மறுநாள் பொறியைத் திறந்தால் சிரித்துக்கொண்டு மீண்டும் நிற்கும். ஏன்? தன்னைத் திரும்ப எழுப்ப ஆள் வைத்துவிட்டுத்தான் அவன் உறங்குகிறான். எனவே முறையாகச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, முறையான ஆன்டிவைரஸைப் புதுப்பியுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். புதுப்பிக்க விடாமல் எதுவோ தடுத்தால் அதுவே குற்றத்துக்கு அடையாளம். பிறகு இணையக் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள்.

இரண்டாவதாக, விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். "இந்த இடத்தைச் சோதிக்காதே" என்று விலக்களிக்கும் பட்டியல் அது. கள்ளன் தன் இருப்பிடத்தை அதில் எழுதி வைப்பது வழக்கம். நீங்கள் எழுதாதது இருந்தால் நீக்குங்கள். இதைச் செய்யாமல் சோதனை போட்டால், காவலர் ஊரெல்லாம் தேடி, திருடன் வீட்டை மட்டும் தாண்டிப் போவார்!

மூன்றாவதாக, முழுச் சோதனை போடுங்கள். அதன்பின் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொறி தன்னை நிறுத்தித் திரும்பத் தொடங்கி, விண்டோஸ் விழிக்கும் முன்பே சோதிக்கும். கால்மணி நேரம் ஆகும். திருடன் எழுவதற்குள் அவன் கட்டிலைச் சூழ்ந்துகொள்ளும் முறை இது.

நான்காவதாக, அவனை எழுப்பிவிடும் ஆட்களைத் தேடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர், உலாவியின் எக்ஸ்டென்ஷன்கள், இந்த மூன்றிடத்திலும் பாருங்கள். அறியாத பெயர் என்பதற்காக எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். எந்தக் கோப்பை அது ஓட்டுகிறது என்று பார்த்து, தெளிந்து, நீக்குங்கள். வாயிற்கதவாக வந்த கிராக் மென்பொருளையும் ஒழித்துக் கட்டுங்கள்.

ஐந்தாவதாக, விண்டோஸையும் உலாவியையும் புதுப்பியுங்கள். வேறொரு தூய பொறியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். தோண்ட வந்தவன் தோண்டுவதோடு நின்றான் என்பதற்கு உறுதி ஏது? வந்த வழியாக வங்கிக் கணக்கைத் திருடுபவனும் வரலாம். அதே இணைப்பிலுள்ள மற்றப் பொறிகளையும், கைமாறித் திரியும் பென் டிரைவ்களையும் சோதியுங்கள்.

இத்தனைக்கும் பின்னே மீண்டும் தலைதூக்கினால்? தயக்கம் வேண்டாம். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, விண்டோஸை முற்றாக அழித்துப் புதிதாக நிறுவுங்கள். நம் படிப்பகத்தில் அதைத்தான் செய்தோம். ஓர் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விசிறி அடங்கிற்று. அடுத்த மின்கணக்கும் அடங்கிற்று.

"நமக்கேன் இந்தக் கணக்கெல்லாம்? படித்தவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று கூறுவோம். பெரிய நிறுவனங்களுக்குக் காவலர் உண்டு. ஜெராக்ஸ் கடைத் தோழருக்கு? தட்டச்சு நிலையம் நடத்தும் தங்கைக்கு? தொழிற்சங்க அலுவலகத்தின் ஒற்றைப் பொறிக்கு? விண்டோஸ் 10 க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்துவிட்டது. புதிய ஓட்டைகளுக்கு இனி இயல்பாக மருந்து வராத பழைய பொறிகள் எங்கே இருக்கின்றன? மாளிகையிலா? நம் கடைகளிலும் சங்கங்களிலுமன்றோ! அதனால்தான் உழைப்பாளர் ஏட்டில் இதை எழுதுகிறோம்.

அரசுக்குப் பொறுப்பில்லையா? உண்டு. பிரான்சு நாட்டைப் பாருங்கள். ரெட்டாடப் என்ற புழு, பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளின் பொறிகளில் புகுந்து தோண்டிக்கொண்டிருந்தது. அதை இயக்கிய தலைமைப் பொறி பிரான்சில் இருந்தது. 2019 இல் பிரெஞ்சுக் காவல்படை, அவாஸ்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, அந்தத் தலைமையைக் கைப்பற்றி, அதன் வாயாலேயே "அழிந்துபோ" என்று கட்டளையிட வைத்தது. 8,50,000 பொறிகள் விடுதலை பெற்றன! சொந்தக்காரர் பலர் அடிமைப்பட்டதையும் அறியார், விடுபட்டதையும் அறியார். அரசு நினைத்தால் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தியாவில் சட்டம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43, 66 பிரிவுகளின்படி, இசைவின்றி அடுத்தவர் பொறியில் கள்ள நிரல் புகுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். 2017 இல் மத்திய அரசு சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்றொரு மையத்தைத் தொடங்கி, பொறியைத் துடைக்கும் கருவிகளை இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தது. பெயர் நம் நாவில் நுழையச் சற்றுத் திணறும். பணி பயனுள்ள பணி. ஆனால் அதை ஜெராக்ஸ் கடைக்காரர் அறிவாரா? அவர் மொழியில், அவர் தெருவில், யார் சொன்னார்கள்? அரசுத் தளங்களில் ஒளிந்த சரக்கு இல்லையென்று காலந்தோறும் சோதித்து, மக்களுக்கு யார் சொல்கிறார்கள்? கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம்.

கேட்பதோடு நிற்கலாமா? கூடாது. ஒவ்வொரு கிளைப் படிப்பகத்திலும், ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும், மாதத்தில் ஒரு மாலை ஒதுக்குங்கள். விவரம் அறிந்த இளைஞர் இருவர் போதும். பொறியைத் திறந்து பாருங்கள். தெருவிலுள்ள கடைத் தோழரையும் தம் பொறியைத் தூக்கிவரச் சொல்லுங்கள். கிராக் மென்பொருளுக்கு விடை கொடுங்கள். கடிதம் எழுத லிபர்ஆபிஸ், படம் திருத்த கிம்ப், சுவரொட்டி வரைய இன்க்ஸ்கேப் என்று நேர்மையாகவே இலவசமாகக் கிடைப்பவை இருக்கும்போது, களவாடியதை ஏன் தொட வேண்டும்? பிறர் உழைப்பைப் பறிக்காதே என்று முழங்குகிறவர்கள், மென்பொருள் எழுதியவனின் உழைப்பை மட்டும் பறிக்கலாமோ?

அந்த இளைஞன் மறு ஆண்டு வந்தான். அதே மேசை, அதே பொறி. பக்கம் திறந்தது, படம் ஏறியது, பத்து நிமிடத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. "இவ்வளவுதானா, அண்ணே?" என்றான். ஆம், இவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவன் ஓராண்டு காத்திருந்தான்.

இன்றிரவு கடையைப் பூட்டுமுன், சங்கத்தின் விளக்கை அணைக்குமுன், ஒரு கணம் நில்லுங்கள், தோழர்களே! காது கொடுத்துக் கேளுங்கள். யாருமில்லாத அறையில் உங்கள் பொறி இரைகிறதா? அது எவனுக்காக உழைக்கிறது?